எமகண்டத்துக்குப் பின்னால் இருந்த சட்டம்

1

வெள்ளிக்கிழமை விடிந்ததும் எஸ்தெலாவிடமிருந்து செய்தி வந்தது. ‘ஹெஃபே, வயிறு சரியில்லை. இன்றைக்கு வரமாட்டேன்.’

ஹெஃபே என்றால் ஸ்பானிய மொழியில் முதலாளி. என்னை ஒருத்தி முதலாளி என்று அழைக்கிறாள் என்பது மார்த்தாண்டத்தில் தெரிந்தால் பேருந்து நிலையம் வரைக்கும் சிரிப்பு கேட்கும். அங்கே எங்கள் குடும்பக் கடையில் என்னைக் கல்லாப் பக்கமே விட்டதில்லை. “நீ படிக்கப் போ மக்கா, கடையாவது பொழைக்கட்டு” என்று அண்ணன்தான் என்னைப் பொறியியல் கல்லூரிக்குத் துரத்தினான். படித்தேன், விமானம் ஏறினேன், கலிபோர்னியாவில் கம்ப்யூட்டர் முன்னால் பல வருடம் உட்கார்ந்தேன். ஒருநாள் கம்பெனி என்னையும் நாற்காலியையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டது. நாற்காலி அங்கேயே இருந்தது.

அதற்குப் பிறகு வேறு எதுவும் தெரியாததால், எனக்குத் தெரியாது என்று வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்த தொழிலையே தொடங்கினேன். அண்ணன் கடையில் விற்கும் அதே ஏத்தங்காய் உப்பேரி. ஊர்ப்பக்கம் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன், நேந்திரங்காய் வறுவல்தான் அது. சாக்ரமெண்டோவுக்குத் தள்ளி ஒரு சிறிய ஊரில், துணி வெளுக்கும் கடைக்கும் நகம் வெட்டி அழகுபடுத்தும் கடைக்கும் நடுவில் எங்கள் கடை. கல்லாவில் மனைவி சுதா. சனி ஞாயிறுகளில் பொட்டலம் போட இரண்டு கல்லூரி மாணவர்கள். அடுப்படியில் எஸ்தெலா. எண்ணெயில் பொரியும் சத்தத்தை வைத்தே காய் வெந்துவிட்டதா என்று சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான். நான் வறுத்தால் ஒன்று பச்சையாக இருக்கும், இல்லாவிட்டால் கரி. எனவே எஸ்தெலாவுக்கு வயிறு சரியில்லை என்றால் கடைக்கே வயிறு சரியில்லை.

2

ஊழியனாக இருந்த காலத்தில் இந்த மாநிலத்தின் விடுப்புச் சட்டம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஒரே ஒரு ஆளை வேலைக்கு வைத்திருந்தாலும் ஆண்டுக்குக் குறைந்தது ஐந்து நாள் சம்பளத்தோடு சுகவீன விடுப்பு கொடுக்க வேண்டும். பகுதி நேர ஆளுக்கும் உண்டு. ‘உனக்குப் பதில் ஓர் ஆளைப் பிடித்து விட்டுப் போ’ என்று முதலாளி சொல்லக் கூடாது. விடுப்பு எடுத்தாள் என்பதற்காக அவளுடைய வேலை நேரத்தைக் குறைத்தால் அது பழிவாங்கல். இதையெல்லாம் அலுவலகத்துக் காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று மற்றவர்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன். முதலாளியான மறுநாள் காலையில் எழுந்து பார்க்கிறேன், ஒரு வரிகூட ஞாபகத்தில் இல்லை. உடம்பு எவ்வளவு புத்திசாலி பாருங்கள்.

மார்த்தாண்டத்தில் எங்கள் கடையில் சட்டம் வேறு மாதிரி. ஒருவன் வரவில்லை என்றால் அவன் ஊர்ப் பேருந்து நடத்துநரிடம் தகவல் சொல்லி அனுப்புவான். நடத்துநர் ஓடுகிற வண்டியிலிருந்தே “தங்கப்பனுக்குச் சொகமில்லியாம்” என்று கத்திவிட்டுப் போவார். அவ்வளவுதான் விண்ணப்பம். சாயங்காலம் அண்ணன் ஆரஞ்சும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு தங்கப்பன் வீட்டுக்குப் போவான். போகாவிட்டால் பெரிய குற்றம். “நாலு நாளு கெடந்தேன், மொதலாளி ஒரு எட்டு வந்து பாக்கல்ல” என்று ஒரு வருடத்துக்குச் சந்தையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பான். போனாலோ, தங்கப்பன் அவசரமாகப் பாயை விரித்துப் படுத்து, போர்வைக்குள்ளிருந்து இரண்டு இருமல் இருமுவான். அண்ணனும் நம்புவான். எங்கள் ஊரில் நலம் விசாரிப்பு என்பதில் பாதி நலம், பாதி விசாரிப்பு. இரண்டையும் யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. ஆரஞ்சு இரண்டுக்கும் பொதுவானது.

ஆக, எஸ்தெலாவின் செய்தியைப் படித்ததும் என்னுடைய கால் தன்னாலே செருப்பைத் தேடியது.

“வெறுங்கையோட போவாதிய,” என்றாள் சுதா. பூச்சந்தைக்குப் பேர்போன தோவாளைக்காரி, யார் வீட்டுக்கும் பூ இல்லாமல்கூடப் போகத் தெரியாதவள். “ஆரஞ்சும் ரொட்டியும் வேங்கிட்டுப் போங்க. வயித்துக்குச் சொகமில்லாதவளுக்கு உப்பேரி கொண்டு போயிராதிய, கேட்டியளா?”

உப்பேரிப் பொட்டலத்தை வண்டியிலிருந்து இறக்கி வைத்தேன்.

3

எஸ்தெலா குடியிருப்பது ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பில். எங்கள் கடை வேனில் ஒரு ராட்சத ஏத்தங்காய் படம் வரைந்திருக்கும். அதை நடுவாசலில் நிறுத்தினேன். இரண்டு மாடிகளின் ஜன்னல் திரைகள் விலகின.

கதவைத் தட்டினேன். ஆள் இல்லை. இன்னொரு முறை தட்டினேன். தங்கப்பனாக இருந்தால் இதற்குள் பாய் விரித்திருப்பான். திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், பழத்தை வாசலில் வைத்தால் அணில் தின்றுவிடும் என்று நின்றேன்.

அப்போது ஒரு கார் வந்து நின்றது. எஸ்தெலா இறங்கினாள். வயிறு நன்றாகத்தான் இருந்தது. மறுபக்கக் கதவைத் திறந்து ஒரு வயதான அம்மாளைக் கைத்தாங்கலாக இறக்கினாள். அந்த அம்மாளின் ஒரு கண்ணில் பெரிய வெள்ளைக் கட்டு. நிமிர்ந்த எஸ்தெலா என்னைப் பார்த்தாள். பிறகு ஏத்தங்காய் வேனைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த பழப் பையைப் பார்த்தாள். அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

கட்டில்லாத கண்ணால் அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் நோட்டமிட்டு, “யார் இது, டாக்டரா?” என்று ஸ்பானிய மொழியில் கேட்டாள்.

“இல்லை. என் முதலாளி,” என்றாள் எஸ்தெலா. அதைச் சொன்ன குரல் எனக்குப் பிடிக்கவில்லை. போலீஸ் என்று சொல்வது போலிருந்தது.

“சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன்,” என்றேன் ஆங்கிலத்தில். ஊரில் எவ்வளவு அன்பான வாக்கியம்! அதே வாக்கியத்தை ஏழு கடல் தாண்டிக் கொண்டு வந்து ஒரு முதலாளி வாயில் வைத்தால் அது சோதனை போட வந்த மாதிரிக் கேட்கிறது. பழப் பையை நீட்டினேன். எஸ்தெலா கையை நீட்டவில்லை. அந்த அம்மாள்தான் வாங்கிக்கொண்டு, ஓர் ஆரஞ்சை எடுத்து முகர்ந்து பார்த்து, எனக்கு ஆசீர்வாதம் செய்தாள்.

வேனைத் திருப்புவதற்குள் ஜன்னல்களில் இருந்தவர்கள் வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

4

சாயங்காலம் அண்ணனைக் கூப்பிட்டேன். அங்கே காலை. பின்னணியில் லாரி, ஆட்டோ, யாரோ யாரையோ ஏசும் சத்தம். மார்த்தாண்டம் சந்திப்பு போனுக்குள்ளேயே அடைத்துக்கொண்டு நின்றது. நடந்ததைச் சொன்னேன்.

“பொய் சொல்லி லீவு எடுத்துட்டா, அதாக்கும் ஒனக்கு வெசனம்?” என்று கேட்டான். “ஏலே மக்கா, நம்ம கடையில மெய் சொல்லி எவம்லே லீவு எடுத்திருக்கான்? இந்தத் தங்கப்பன் லீவு கேட்டு அவனுக்க மாமியாரை எத்தன தடவ எரிச்சிருக்கான் தெரியுமா? அந்தப் பொம்பள நேத்தும் வந்து அரைக் கிலோ உப்பேரி வேங்கிட்டுப் போச்சு. நானும் கையெடுத்துக் கும்பிட்டேன்.”

“நீ ஒண்ணும் கேக்கலியா?”

“என்னத்த கேக்க? அவனுக்கு ஒரு நாளு வீட்டுல கெடக்கணும்னு தோணியிருக்கும். சும்மா இருக்கணும்னு சொன்னா நான் விடுவனா? அதனால பாவம், மாமியாரைக் கொல்லுகான்.”

“இவ அப்படி இல்லண்ணே. நான் அங்க போனதுல பயந்துட்டா. இனி வருவாளோ மாட்டாளோ.”

“நம்ம ஊருல நாம போனா அவனுக்குக் கௌரவம் மக்கா,” என்றான். “அங்க போனா என்னன்னு நீ யாருட்டயாவது கேட்டியா?”

கேட்கவில்லை. அண்ணன் பத்தாம் வகுப்போடு கடைக்கு வந்தவன், நான் பொறியியல் என்றெல்லாம் இங்கே ஒப்பிட்டு என்னைத் திட்டிக்கொள்ளலாம்தான். ஆனால் அண்ணன் உடனே, “செரி, அவளுக்கும் மாமியா உண்டுமா?” என்று கேட்டு அந்த வாய்ப்பைக் கெடுத்துவிட்டான்.

5

சனிக்கிழமை. கடை திறப்பதற்கு முன்னால் எஸ்தெலா வந்தாள். அடுப்படிக்குப் போகவில்லை. துவைத்து மடித்த ஏப்ரனையும் கடைச் சாவியையும் கல்லா மேஜைமேல் வைத்தாள். சுதா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

கடையில் அன்று எங்கள் மகள் அனுவும் இருந்தாள். வேறு ஊரில் கல்லூரியில் படிக்கிறாள். மாதம் ஒருமுறை அழுக்குத் துணி மூட்டையோடு வருவாள். பகுதி நேரமாக ஒரு புத்தகக் கடையில் வேலை பார்க்கிறாள். எங்கள் கடையில் வேலை பார்க்கச் சொன்னபோது, “அப்பா, ஃபேமிலி பிசினஸ்னா லீவே கிடையாது. எனக்குத் தெரியும்” என்று மறுத்தவள்.

எஸ்தெலா பேசத் தொடங்கினாள். அவளுக்கும் எனக்கும் பொதுவாக இருப்பது பாதி ஆங்கிலமும் கால் ஸ்பானியமும் மீதி கைகளும்.

“நான் பொய் சொன்னேன், ஹெஃபே. நீங்கள் போகச் சொல்வதற்கு முன்னால் நானே போகிறேன்.”

“அந்த அம்மாள் யார்?” என்று கேட்டாள் சுதா.

“கார்மென். பக்கத்து வீடு. சொந்தமில்லை. நான் இரவு வேலைக்குப் போன வருடங்களில் என் பையன்கள் அவள் கட்டிலில்தான் தூங்கினார்கள். இப்போது அவளுக்குக் கண் ஆபரேஷன். அழைத்துப் போக யாருமில்லை. அடுத்த கண்ணுக்கும் செய்ய வேண்டும், அதற்குப் பிறகும் டாக்டரிடம் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் எனக்கு வயிற்று வலி வராது.”

“அம்மா என்று சொல்லியிருக்கலாமே?” என்றேன். என் வாயிலிருந்து தங்கப்பன்தான் பேசினான்.

“என் அம்மா செத்துப்போய்விட்டாள். செத்தவளை எழுப்பிப் பொய் சொல்ல மனது வரவில்லை. அதனால் என் வயிற்றைச் சொன்னேன்.”

உயிரோடு இருக்கும் மாமியாரை எரிப்பவனை எனக்குத் தெரியும். இறந்த அம்மாவை எழுப்பக் கூசுகிறவளை முதன்முதலாகப் பார்க்கிறேன்.

அவள் இன்னொன்றும் சொன்னாள். முன்பு வேலை பார்த்த ஓர் ஓட்டலில் பையனுக்குக் காய்ச்சல் என்று வீட்டில் இருந்தாளாம். முதலாளி வீட்டுக்கே வந்து எட்டிப் பார்த்தாராம். அடுத்த வாரத்திலிருந்து அவளுக்கு வேலை நேரம் ஒதுக்கவே இல்லை. “நேற்று உங்கள் வண்டியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது,” என்றாள்.

இதற்கு என்ன பதில் சொல்வது? கல்யாண வீட்டில் சண்டை வந்தாலும் சரி, சாவு வீட்டில் சொத்துப் பேச்சு வந்தாலும் சரி, எங்கள் ஊர் ஆண்களுக்கு ஒரே பதில்தான் தெரியும். “டீ குடிக்கியா?” என்றேன், தமிழிலேயே. அடுப்படிக்கு ஓடினேன்.

பால் கொதிக்கும்போது அனுவின் குரல் கேட்டது. “அப்பா, போஸ்டர் எங்க?”

“எந்தப் போஸ்டர்?”

“லேபர் லா போஸ்டர். சிக் லீவ் எல்லாம் போட்டிருக்குமே. எம்ப்ளாயீஸ் கண்ணுல படுற இடத்துல மாட்டணும். என் புக் ஷாப்ல பாத்ரூம் போற வழியில இருக்கு.”

“மாட்டியிருக்கே! வருஷா வருஷம் ஜனவரியில புதுசு மாத்துகேன்!” என்று தம்ளரோடு வெளியே வந்து நெஞ்சை நிமிர்த்திச் சுவரைக் காட்டினேன்.

சுவரில் நாகர்கோவிலிலிருந்து வந்த தினசரிக் காலண்டர் தொங்கியது. கனத்த அட்டை, மேலே முருகன், கீழே கிழிக்கிற தாள், தாளின் ஓரத்தில் ராகுகாலம், எமகண்டம், குளிகை. கடையில் ஆணி அறைந்தால் கட்டட உரிமையாளர் சண்டைக்கு வருவார் என்பதால் இருப்பது ஒரே ஆணி. ஒவ்வொரு ஜனவரியிலும் அரசாங்கத்தின் போஸ்டரை ஒழுங்காக ஒட்டுவேன். பொங்கலுக்குள் அண்ணனின் காலண்டர் தபாலில் வந்துவிடும். அதை அந்த ஆணியில் மாட்டுவேன்.

அனு முருகனைத் தூக்கினாள். கலிபோர்னியா மாநிலத்தின் தொழிலாளர் சட்டம் மொத்தமும் எமகண்டத்துக்குப் பின்னால், வெயில் படாமல், புத்தம் புதிதாக இருந்தது.

“அந்தக் காலண்டரை வேற எடத்துல மாட்டுங்கன்னு நான் சொன்னனா இல்லியா?” என்றாள் சுதா.

“நீ சொன்னது முருகனுக்கு வெளிச்சம் பத்தலன்னு!”

“எதுக்குச் சொன்னா என்ன? கேட்டியளா?”

அனு போஸ்டரைப் படித்தாள். பிறகு போனில் அரசுத் தளத்தைத் திறந்து மீதியைத் தேடினாள். சுகவீன விடுப்பு தனக்கு மட்டுமல்ல. பெற்றோர், பிள்ளை, கணவன் மனைவி, உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் எடுக்கலாம். அத்தோடு, இந்தப் பட்டியலில் அடங்காத ஒருவரையும் ஊழியர் தானே குறிப்பிடலாம். இரத்த சொந்தமாக இருக்க வேண்டும் என்றில்லை. ஆண்டுக்கு ஒருவர் என்று வேண்டுமானால் முதலாளி வரம்பு வைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

“ஸோ அவங்க பொய்யே சொல்ல வேண்டாம்,” என்றாள் அனு. “கார்மென்னு சொல்லியிருந்தா போதும். இது அவங்க தப்பு இல்லப்பா. நீங்கதான் லாவ முருகனுக்குப் பின்னால ஹைட் பண்ணி வெச்சிருக்கீங்க.”

தம்ளரில் டீ ஆறிக்கொண்டிருந்தது. ராகுகாலத்தில் ஒரு பொட்டலம்கூட வெளியூருக்கு அனுப்பாத ஆள் நான். ஒரு பெண்ணைச் சொந்த வயிற்றைப் பற்றிப் பொய் சொல்ல வைத்ததும் நான்தான்.

அனு ஸ்பானிய மொழியில் எல்லாவற்றையும் எஸ்தெலாவுக்குச் சொன்னாள். பள்ளியில் படித்த ஸ்பானியம். என் மகள் தமிழைவிட அதை நன்றாகப் பேசுகிறாள் என்பதை வேறொரு நாள் வருத்தப்படுவதற்காக எடுத்து வைத்துக்கொண்டேன். எஸ்தெலா போஸ்டரின் அருகில் போய் நின்றாள்.

“யாரை வேண்டுமானாலும் சொல்லலாமா?”

“சொல்லலாம். ஃபார்ம் எல்லாம் வேண்டாம்,” என்றாள் அனு.

“கார்மென்,” என்றாள் எஸ்தெலா என்னைப் பார்த்து. கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் சொல்வது போல ஒருமுறை நிறுத்திச் சொன்னாள். நானும் அர்ச்சகர் மாதிரித் தலையாட்டினேன்.

பிறகு கேட்டாள், “ஹெஃபே, நேற்று எதற்கு வந்தீர்கள்? எனக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்கவா? நான் பொய் சொல்கிறேனா என்று பார்க்கவா?”

பொய் சொல்லியிருக்கலாம். அந்தக் கடையில் அன்று அதற்கு ஒரு மரியாதையும் இல்லாமல் போயிருந்தது. “ரெண்டுக்கும்,” என்றேன். “எங்கள் ஊரில் அது ஒரே வேலை.”

அவள் சிரித்தாள் என்று எழுத ஆசை. சிரிக்கவில்லை. “இனிமேல் வீட்டுக்கு வராதீர்கள். நான் கூப்பிட்டால் வாருங்கள்,” என்றாள். மேஜைமேலிருந்து ஏப்ரனை எடுத்தாள். சாவியை எடுக்கக் கொஞ்சம் யோசித்தாள். பிறகு அதையும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறும் சத்தம் கேட்ட பிறகுதான் சுதா மூச்சு விட்டாள்.

6

அன்று மத்தியானம் சோறு உண்ணும்போது அனுவிடம் கேட்டேன், “நீயும் அங்க ஒரு ஆளைச் சொல்லியிருக்கியா?”

“யா. ஜென்னி. என் ரூம்மேட்.”

“அவ யாரு?”

“அப்பா, எனக்கு ஃப்ளூ வந்தப்ப சூப் வெச்சுக் கொடுத்தவ.”

“ஒனக்கு எப்பட்டீ ஃப்ளூ வந்துச்சு?” என்றாள் சுதா. கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது.

“லாஸ்ட் விண்டர். சொன்னா நீங்க ரெண்டு பேரும் ஆரஞ்சு வாங்கிட்டு வேன்ல வந்துருவீங்கல்ல?”

வந்திருப்போம். விடுதி வாசலில் ராட்சத ஏத்தங்காயை நிறுத்தியிருப்போம். “நீங்க ரெண்டு பேரும் ஆல்ரெடி லிஸ்ட்ல இருக்கீங்க. பேரே சொல்ல வேண்டாம்,” என்று அவள் சமாதானம் சொன்னாள். பேர் சொல்ல வேண்டாத இடத்தில் இருப்பது பெருமைதான். ஆனாலும் அந்த ஜென்னியை நினைத்து எனக்கு ஒரு நாள் முழுக்கப் பொறாமையாக இருந்தது.

கடையை நானே நடத்துகிறேன் என்பதால் எனக்கு எந்த விடுப்பும் இல்லை. ஆனாலும், உண்டு என்றே வைத்துக்கொண்டு, யாரைச் சொல்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். சுதாவும் அனுவும் அண்ணனும் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்களைத் தவிர, உடம்பு முடியாமல் கிடக்கும்போது நான் கடையைப் பூட்டிவிட்டு ஓடவேண்டிய ஒருவர், இந்த மாநிலத்தில், இத்தனை வருடத்தில்? துணி வெளுக்கும் கடைக்காரரின் பெயரே எனக்குத் தெரியாது. கையசைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை போய்க் கேட்டேன். அவரும் என் பெயரைக் கேட்டார். இருவருக்குமே மற்றவர் பெயர் வாயில் நுழையவில்லை. ஆனாலும் இரண்டு முறை முயன்று பார்த்தோம்.

இரண்டு வாரம் கழித்து எஸ்தெலாவிடமிருந்து செய்தி வந்தது. ‘செவ்வாய் கார்மெனின் இரண்டாவது கண். வரமாட்டேன்.’

அதில் வயிறு இல்லை. மன்னிப்பு இல்லை. யாரும் சாகவில்லை. முதலாளி வாழ்க்கையில் எனக்கு வந்த முதல் உண்மையான விடுப்புச் செய்தி. ‘யார் வறுப்பார்கள்?’ என்று பாதி தட்டச்சு செய்து, சட்டம் ஞாபகம் வந்து அழித்துவிட்டு, ‘சரி’ என்று மட்டும் அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை நானே சட்டி பிடித்தேன். முதல் ஈடு பச்சை, இரண்டாவது கறுப்பு, மூன்றாவதை விற்கலாம் என்று சுதா பெரிய மனது பண்ணி ஒப்புக்கொண்டாள். மத்தியானம் வாடிக்கையாக வரும் நம்மூர்ப் பெரியவர் ஒருவர், ஓய்வுபெற்ற வாத்தியார், ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“என்னவாக்கும் இண்ணைக்கு இப்பிடிக் கருகிக் கெடக்கு? ஒங்க சமையல்காரி எங்க?”

“லீவு.”

“ஏன், என்ன சொகக்கேடு? ஆசுபத்திரியிலயா? எந்த ஆசுபத்திரி?”

மார்த்தாண்டம் கடையாக இருந்தால் இந்நேரம் கார்மெனின் கண், எஸ்தெலாவின் வயிறு, பையன்கள் தூங்கிய கட்டில் வரைக்கும் அவர் கையில் பொட்டலத்தோடு போய்ச் சேர்ந்திருக்கும். எனக்கும் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“லீவு சார்,” என்றேன். “அவ்வளவுதான்.”

அவர் நம்பவில்லை. சுதாவைப் பார்த்தார். சுதா ராகுகாலம் முடிந்துவிட்டதா என்று காலண்டரைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டாள். வேறு வழியில்லாமல் அவர் கருகிய உப்பேரியில் அரைக் கிலோ வாங்கிக்கொண்டு போனார்.